குசினியில் இல்லாததை வைத்துச் சமைப்பது எப்படி?

மீன் வெட்டிக் கழுவியாயிற்று, சட்டியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கிறது, பழப்புளிப் போத்தலைத் திறந்தால் உள்ளே இரண்டு கொட்டையும் கொஞ்சம் நாரும்தான். கடை பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் போக ஆள் இருக்காது (வீட்டில் ஐந்து பேர் இருப்பார்கள், ஐந்து பேர் கையிலும் போன் இருக்கும், ஆனால் கடைக்குப் போக ஆள் இருக்காது). மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த நிலைமை வராத வீடே கிடையாது. நமக்கு இதில் நல்ல பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள்: 2021இல் பால்மா இல்லை, 2022இல் காஸ் இல்லை, 2024 முடிந்து 2025 பிறக்கும்போது தேங்காயைத் தொட முடியவில்லை, 2025 மே மாதம் உப்பே இல்லை. இத்தனைக்கும் நடுவில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்ததென்றால் அதற்குக் காரணம் நம் வீட்டுப் பெண்களின் கைவேலை, அப்புறம் கொஞ்சம் துணிச்சல்.

வழிமுறை சின்னதுதான். இல்லாத சாமானின் பெயரை மறந்துவிட்டு, அது சட்டிக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். புளிக்க வைக்கிறதா, தடிப்பாக்குகிறதா, உதிராமல் பிடித்து வைக்கிறதா, பொங்க வைக்கிறதா, வெறும் வாசத்துக்கா? முதல் நான்கு வேலைக்கும் பதில் ஆள் பிடிக்கலாம். வாசத்துக்கு ஆள் கிடையாது. கறிவேப்பிலை இல்லையென்றால் இல்லைதான், ரம்பை இல்லையென்றால் இல்லைதான், முற்றத்து மரத்தில் எந்தப் பச்சை இலையைக் கண்டாலும் பிய்த்துப் போடாதீர்கள். இன்னொன்று, பரிமாறுவதற்கு முன் கறிக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். பெயர் மாறிவிட்டால் பழைய கறியோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வழி இருக்காது.

புளியிலிருந்து தொடங்குவோம், நம் பக்கத்தில் மீன் இல்லாத நாள் குறைவு, மீன் இருந்தால் புளி வேண்டும். பழப்புளிக்கு முதல் பதில் காயவைத்த கொறுக்காய்ப்புளி (சிங்களத்தில் கொரக்கா). அரைக் கிலோ மீனுக்கு மூன்று நாலு துண்டு போதும், கழுவிவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து அம்மியில் அரைத்தோ அப்படியே துண்டாகவோ போடலாம். கறி கறுக்கும், அது தீய்ந்ததில்லை, கொறுக்காயின் நிறமே அப்படித்தான், மாமி சட்டியை எட்டிப் பார்ப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சூரை மாதிரி சதைப்பிடிப்பான மீனுக்கு இது பழப்புளியைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி, அடுத்த நாள் காலை புட்டோடு சாப்பிட்டால் நீங்களும் இந்தக் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். மாங்காய் காலமென்றால் தோலோடு நாலு கீற்றும் கொட்டையும் போடுங்கள், கறி கொதிக்கும்போதே போட வேண்டும், அப்போதுதான் புளிப்பு இறங்கும். புளிச்சக்காய் மரம் பக்கத்து வளவில் இருந்தால் ஒரு கைப்பிடி பிடுங்கி இரண்டாகப் பிளந்து போடலாம், அது தண்ணீர் விடும், ஆகவே தேங்காய்ப்பாலைக் குறையுங்கள். தக்காளியை நம்பினால் ஒன்று போதாது, நன்றாகப் பழுத்தது மூன்று நாலாவது வேண்டும், கரையும்வரை வதக்க வேண்டும், அப்போதும் பழப்புளியின் அந்த அடிப்புளிப்பு வராது. தேசிக்காய் என்றால் அடுப்பிலிருந்து இறக்கியபிறகுதான் பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும். வினாகிரி கடைசித் தெரிவு. ஒரு மேசைக்கரண்டி விட்டு ஐந்து நிமிடமாவது கொதிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் கறி அச்சாறு மாதிரி மணக்கும். தயிர் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், மீனும் தயிரும் சேரக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள், அது சரியா பிழையா என்று அவர்களோடு வாதாடி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். விற்றமின் சி குளிசையைக் கரைத்து விடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். புளிக்கும் என்பது உண்மைதான், தோடம்பழ வாசத்தோடு மீன் கறி சாப்பிட விருப்பமென்றால் அது அவர் வீட்டுப் பிரச்சினை.

தேங்காய்க்கு வருவோம், இதுதான் நமக்குப் பெரிய அடி. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது சொதி வைத்தவர்களைத் தெருவே திரும்பிப் பார்த்தது. கறிக்குள் தேங்காய்ப்பால் பார்க்கும் வேலை மூன்று: தடிப்பு, கொழுப்பு, இலேசான இனிப்பு. பால்மா இரண்டு மேசைக்கரண்டியை ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டு அடித்தால் ஓரளவு ஏமாற்றலாம், வாசத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதை ஆகக் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு விட வேண்டும். புளி போட்ட கறிக்குள் விட்டுக் கொதிக்கவிட்டால் திரைந்து வெள்ளைக் கட்டியாக மிதக்கும். திரைந்துவிட்டதா? சரி, அதற்குப் பெயர் பனீர்க் கறி, வடக்கு இந்தியாவில் கலியாண வீட்டிலேயே போடுவார்கள் என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

பாலே வேண்டாம், தடிப்பு மட்டும் போதுமென்றால் அரிசியை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து இடித்து ஒரு மேசைக்கரண்டி போடலாம். அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துக் கரைக்கலாம், மத்தியானம் மிஞ்சிய பருப்புக் கறியில் இரண்டு அகப்பையை எடுத்து மரக்கறிக்குள் விடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உள்ளதை நீட்டவும் தெரிய வேண்டும். பால் பிழிந்த சக்கையைக் கோழிக்குப் போடுவதுதான் வழக்கம், அதை உப்பும் செத்தல் மிளகாயும் போட்டு மெல்லிய தீயில் மொறுமொறுவென்று வறுத்து இடித்தால் சம்பல் ஆகிவிடும், தேசிப்புளி மட்டும் கொஞ்சம் கூடக் கேட்கும். புட்டுக்குத் தேங்காய்ப்பூ போதாவிட்டால் அரைவாசிக்குக் கரட் துருவிப் போடுங்கள், பிள்ளைகள் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள், பெரியவர்களிடம் சத்து என்று சொல்லலாம். முழுவதும் கரட் போட்டால் மட்டும் தொண்டையில் நிற்கும், அதற்கு வாழைப்பழமோ சம்பலோ கூட வேண்டும்.

இதே விசயம் மறுபக்கமும் ஓடும். 2021இல் பால்மாவுக்கு ஆலாய்ப் பறந்த நாட்களில் தேத்தண்ணிக்குத் தேங்காய்ப்பால் விட்டவர்கள் உண்டு. முதற்பாலை விட்டால் மேலே எண்ணெய் படரும், குடித்து முடிந்ததும் உதடு மினுங்கும், இரண்டாம் பாலைத் துணியில் வடித்து விட்டால் பரவாயில்லை. என்னைக் கேட்டால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். இஞ்சி தட்டிப்போட்டுக் கடும் சாயத்தில் பிளேன்டீ, கையில் ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு கடி ஒரு மிடறு.

மாசிக் கருவாடு இல்லாத சம்பலுக்கு நம் ஊரில் கூனி இருக்கிறது, இதற்குக் கவலைப்படவே தேவையில்லை. காய்ந்த கூனி இறாலை முதலில் சுளகில் போட்டுப் புடையுங்கள், மணலும் சின்னச் சிப்பித்துண்டும் இருக்கும், அது ஒன்று பல்லில் அகப்பட்டால் சம்பலின் பெயரே கெட்டுவிடும். பிறகு எண்ணெய் இல்லாத தாச்சியில் மெல்லிய தீயில் வறுக்க வேண்டும், கையை எடுக்காமல் கிண்டிக்கொண்டே. வெளிறிய நிறத்திலிருந்து மெல்லச் சிவந்து வரும், கடல் வாடை போய்ப் பொரித்த இறால் வாசம் எழும்பும், ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் நசித்தால் சத்தத்தோடு தூளாக வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறவிட்டு உரலில் இரண்டு குத்து. மாசி ஒரு மேசைக்கரண்டி கேட்கும் இடத்தில் இதில் ஒன்றரை போடலாம், உப்பைக் கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துப் போடுங்கள், ஏனென்றால் கூனியிலேயே உப்பு இருக்கிறது. நெத்தலிக் கருவாட்டையும் தலையைக் கிள்ளிவிட்டு இதே மாதிரி வறுத்து இடிக்கலாம். ஒரு விசயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருப்பார்கள், கூனி போட்டிருந்தால் வந்தவர்களிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். பெயரை மாற்றும் விளையாட்டெல்லாம் மற்றச் சாமான்களோடுதான்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் பிரச்சினை வேறு மாதிரி. மீனும் இறைச்சியும் தாராளமாகக் கிடைக்கும், வீட்டுக்குள் வரக்கூடாது. அப்போது இறைச்சிக்குப் பதில் பிஞ்சுப் பலாக்காய்தான். கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டித் துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துவிட்டு, வறுத்த தூளில் இறைச்சிக் கறி வைக்கிற அதே முறையில் வைத்தால் நார் நாராகப் பிரிந்து நல்லாகவே ஏமாற்றும். சோயாமீற் என்றால் கொதிநீரில் ஊறவைத்து இரண்டு முறை நன்றாகப் பிழிந்து எடுங்கள், பிழியாமல் போட்டால் கறி முழுக்க அந்த மாவாசம்தான். கோயிலுக்குப் போய்வந்த பெரியம்மா ஒருவர் என் பலாக்காய்க் கறியைப் பார்த்து, “என்ன புள்ள, சடங்கு நாளில இறைச்சியா?” என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம், அவரைச் சமாதானப்படுத்தப் பலாத்தோலைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது.

அரிசி மா முடிந்துவிட்டால் கோதுமை மா. ஆனால் பச்சையாகப் புட்டுக்குக் குழைத்தால் உருண்டைதான் வரும். கோதுமை மாவைத் துணியில் முடிந்து இருபத்தைந்து நிமிடம் அவியுங்கள், சூடு ஆறுவதற்கு முன்பே கட்டியை உடைத்து அரித்துவிட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும், பிறகு உலக்கைதான் வேண்டும். அவிக்கும்போது மாவிலிருக்கும் அந்த ஒட்டுந்தன்மை செத்துவிடுகிறது, அதனால்தான் தண்ணீர் தெளித்துப் பிசறினால் உதிரியாக நிற்கிறது. நீத்துப்பெட்டியோ குழலோ இல்லாவிட்டால் ஒரு சிரட்டையை எடுங்கள், கண் திறந்த பாதி, உள்ளும் புறமும் தும்பு இல்லாமல் சுரண்டிக் கழுவியது. கொதிக்கிற கேத்தலின் மூடியை எடுத்துவிட்டு வாயில் சிரட்டையைக் கண் கீழே பார்க்க வைத்து, மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு இன்னொரு சிரட்டையால் மூடினால் ஆறேழு நிமிடத்தில் மேலே ஆவி வரும். ஆளுக்கு ஒரு சிரட்டைப் புட்டு. பெரிய குடும்பமென்றால் கடைசி ஆள் சாப்பிடும்போது முதல் ஆளுக்குத் திரும்பப் பசித்துவிடும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

முட்டை விசயத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 2023இல் பேக்கரிக்காரர்களுக்கே இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள், வீட்டில் ஒன்று குறைவதில் வெட்கமே இல்லை. ஒன்றிரண்டு முட்டை கேட்கும் கேக்குக்கு முட்டை ஒன்றுக்குக் கால் கோப்பை தயிர் விடலாம், நம் எருமைத் தயிர் கட்டியாக இருப்பதால் இதற்கென்றே செய்தது போல இருக்கும். வாழைப்பழமென்றால் அதே கால் கோப்பை, நன்றாக மசித்தது, ஆனால் வாசம் மறையாது, ஆகவே அடுப்பில் வைக்கும்போதே அதற்கு வாழைப்பழக் கேக் என்று பெயர் வைத்துவிடுங்கள். ஐந்தாறு முட்டை கேட்கும் பட்டர் கேக்கில் இந்த வித்தை எடுபடாது. வட்டிலப்பத்திலும் எடுபடாது, அதில் முட்டைதான் முழு வேலையும் பார்க்கிறது. முட்டையில்லாமல் வட்டிலப்பம் வேண்டுமென்று நிற்பவர்களுக்குக் கடற்பாசி காய்ச்சி, அதில் தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும் விட்டு உறையவைத்துக் கொடுக்கலாம், ருசியாக இருக்கும், ஆனால் அதை வட்டிலப்பம் நன்றாகத் தெரிந்த முஸ்லிம் ஊர்களான காத்தான்குடிக்கோ சாய்ந்தமருதுக்கோ கொண்டுபோய் வட்டிலப்பம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர முடியாது. கட்லட்டுக்கு முட்டையில் தோய்ப்பதற்குப் பதில் கோதுமை மாவைத் தோசை மா பதத்துக்குக் கரைத்துத் தோய்த்தால் போதும். பாண்தூள் இல்லையென்றால் காய்ந்த பாண், அதுவும் இல்லையென்றால் கிறீம் கிராக்கரை நொறுக்கலாம். மாரி பிஸ்கட்டை நொறுக்கியவர்களும் இருக்கிறார்கள், மீன் கட்லட் இனிப்பாக வந்ததும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, இப்போது அந்த வீட்டில் சரியான கட்லட் செய்தால் யாரும் தொடுவதில்லை.

பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்குப் பதில் அப்பச்சோடா கால் தேக்கரண்டி, தேசிப்புளி அல்லது வினாகிரி அரைத் தேக்கரண்டி. சோடாவை மாவோடு சேர்த்து அரித்துவிடுங்கள், புளியைக் கடைசியில் ஊற்றிக் கலந்ததும் நேரே அடுப்புக்குப் போக வேண்டும், நுரைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் எடுக்காதீர்கள், அந்த நுரை அடங்கினால் கேக்கும் அடங்கிவிடும். பொங்கட்டும் என்று சோடாவைக் கூட்டினால் சவர்க்கார ருசி வரும். கேக் சுடும் அவன் (oven) இல்லாதவர்கள் பெரிய அலுமினியக் கிடாரத்தில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த மணல் போட்டுச் சூடாக்கி, நடுவில் ஒரு வளையத்தை வைத்து அதன் மேல் கேக் தட்டை இறக்கி, மூடியின் மேல் தணல் போடலாம். மூடியைத் திறக்கும்போது முதலில் சாம்பலை அகற்றிவிடுங்கள், இதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள்ளு கிடைக்காவிட்டால் தேங்காய்த் தண்ணீரில் கொஞ்சம் சீனியும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டு நுரைத்ததும் மாவில் விடலாம். இதில் ஒரு இலாபமும் உண்டு, கள்ளு வாங்க அனுப்பிய மனுசன் போத்தலில் பாதியும் வயிற்றில் பாதியுமாகத் திரும்பி வரும் கதை இல்லை.

சில்லறைச் சாமான்கள் சுருக்கமாக: உள்ளிக்குப் பதில் எண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயம். பச்சை இஞ்சிக்குப் பதில் சுக்குத்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சிக்குக் கால் தேக்கரண்டி போதும், கூடினால் கறி கசாயமாகிவிடும். வெங்காயத்துக்கு லீக்ஸ். மிக்சிக்கு அம்மி, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டியபோது வீட்டுப் பின்பக்கம் பாசி பிடித்துக் கிடந்த அம்மிகளெல்லாம் திரும்ப மரியாதை பெற்றன.

கடைசியாக உப்பு. இதற்குப் பதில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், முழுக்கச் சரியில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டு உப்புப் பக்கெட்டுக்குக் கடை கடையாக அலைந்தோம் 2025இல், அப்போது கல்லடிக் கடற்கரையைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கும். கடல்நீரில் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கிறது, இரண்டு மேசைக்கரண்டி அளவு, கணக்குப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கரையில் வந்து சேரும் மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வரும், எனவே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உப்பு ஏறிய சாமான் ஏற்கெனவே குசினியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: கருவாடு, கூனி, சோயா சோஸ், அச்சாறுப் போத்தல். கத்தரிக்காய்க் கறிக்குள் நாலு துண்டு கருவாட்டைப் போட்டால் உப்பே போட வேண்டாம். கருவாட்டை நன்றாகக் கழுவிவிட்டு ஊறவைத்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், வடித்துக் கொதிக்க வைத்துப் பருப்புக்கோ மரவள்ளிக் கறிக்கோ விடலாம். பாயாசத்துக்கு ஒரு சிட்டிகை உப்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.